தண்ணீர் குடிக்க ஒரு நிலையம்

மேட்டுப்பாளையத்திலிருந்து 18ஆவது கிலோமீட்டரில், கடல் மட்டத்துக்கு 1,092 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயர் ஹில்குரோவ். நடைமேடை உண்டு, மஞ்சள் பெயர்ப்பலகை உண்டு, சரிந்த கூரை போட்ட சின்னக் கட்டடம் உண்டு. நிலையத்தை ஒட்டி ஊர் மட்டும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வீட்டுக்கு நடப்பவர்கள் இல்லை. வாசலில் ஆட்டோ இல்லை. ஆனாலும் காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்பும் ஊட்டி ரயில் இங்கே நின்றுதான் ஆக வேண்டும். பெட்டிகளைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளிக்கொண்டு வரும் நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும்.

நம் பக்கத்து ரயில் நிலையங்கள் பெரும்பாலும் ஊரைத் தேடி வந்தவை. சந்தை கூடும் இடம், நெல் மூட்டையும் பருத்திப் பொதியும் ஏறும் இடம், கோயில் திருவிழாவுக்குக் கூட்டம் வரும் இடம் என்று பார்த்து ஸ்டேஷன் வந்தது. நீலகிரி மலை ரயிலின் கீழ்ப்பாதியில் கதை வேறு. கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி என்று குன்னூருக்கு முன்னால் வரிசையாக வரும் நிலையங்களில் டிக்கெட் வாங்கி ஏறியவர்கள் எந்தக் காலத்திலும் சொற்பம். அவற்றை உயிரோடு வைத்திருந்தது இன்ஜினின் தேவைதான்.

இந்தப் பாதை உலகப் பாரம்பரியச் சின்னமாகி 20 ஆண்டுகள் கடந்துவிட்டன. ஊட்டி ரயிலைப் பற்றி நாம் எழுதியதும் படம் பிடித்ததும் கொஞ்சநஞ்சமல்ல. பாடல், புகை, தேயிலைத் தோட்டம், குகைக்குள் நுழையும்போது எழும் கூச்சல் எல்லாம் வந்துவிட்டன. நடுக்காட்டில் தண்ணீர்க் குழாயோடு நிற்கும் இந்தக் குட்டி நிலையங்களை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஒரு நிலையத்தைக் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது? சுவரையா, கூரையையா, அங்கே அன்றாடம் நடக்கும் வேலையையா? இந்தக் கேள்விக்கு ஹில்குரோவைவிடத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடிய இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

பல்லைப் பிடித்து ஏறும் பாதை

ரயிலின் பலமும் பலவீனமும் ஒன்றே. வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தின் மேல் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் உருள்கிறது. உராய்வு குறைவு. அதனால் சமதளத்தில் ஓர் இன்ஜின் நூற்றுக்கணக்கான டன்களை இழுத்துவிடும். மேடு வந்தால் அதே வழுவழுப்பு எதிரியாகிவிடும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரைக்குமான ஏற்றத்தில், மிகச் செங்குத்தான இடங்களில், பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஓர் அடி மேலே போயிருக்க வேண்டும். ஆசியாவின் மிகச் செங்குத்தான ரயில் பாதைகளில் ஒன்று இது. சாதாரணச் சக்கரத்தால் ஆகிற காரியமல்ல இது.

ஆகவே கல்லாற்றில் தண்டவாளங்களுக்கு நடுவே இன்னொரு இரும்பு தொடங்குகிறது. பல் வெட்டிய இரண்டு சட்டங்கள் அருகருகே கிடக்கின்றன, ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரங்கள் இந்தச் சட்டங்களைக் கவ்விக்கொள்கின்றன. பனையேறியின் காலில் கிடக்கும் தளைநார் மரத்தைப் பிடித்துக்கொள்வது போல, ஒரு பல் விடுவதற்குள் அடுத்த பல் பிடித்துவிடும். சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் அப்ட் வகுத்த முறை இது. ஐரோப்பாவின் முதல் பல்சட்ட மலை ரயிலை 1871இல் ரிகி மலையில் ஓடவிட்ட நிக்லாஸ் ரிகன்பாக்கிடம் வேலை பார்த்தவர் அப்ட்.

இன்ஜினும் சுவிட்சர்லாந்தில் பிறந்ததுதான். வின்டர்தூர் நகரத்து சுவிஸ் லோகோமோட்டிவ் தொழிற்சாலையில் கட்டப்பட்ட எக்ஸ் வகை இன்ஜின்கள் 1914 முதல் நீலகிரிக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு மட்டும் வேலை செய்து வழக்கமான சக்கரங்களைச் சுழற்றும். பல்சட்டம் தொடங்கியதும், அந்த இரண்டில் ஒருமுறை உழைத்து முடித்த நீராவியே அடுத்த இரண்டு சிலிண்டர்களுக்குள் நுழைந்து பல்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே நீராவியிடம் இரண்டு தடவை வேலை வாங்கும் இந்தச் சிக்கனத்தைக் காகிதத்தில் வரைந்தவர்கள் மேல் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

அவ்வளவு சிக்கனம் இருந்தும் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. மற்ற நீராவி இன்ஜின்களுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கத் தனியாக ஒரு வண்டி இருக்கும். மலையேறும் இன்ஜினுக்கு அது வீண் சுமை. தன் உடம்பை ஒட்டிய தொட்டிகளில் கொள்ளுமளவுதான் தண்ணீர். கொதிகலன் அதை ஆவியாக்கி ஆவியாக்கிப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தீர்வதற்குள் அடுத்த குழாயடி வந்தாக வேண்டும். அடர்லி 13ஆவது கிலோமீட்டரில், ஹில்குரோவ் 18இல், ரன்னிமேடு 21இல். மேப்பை விரித்து இந்த எண்களைப் பார்த்தால், ஒரு கொதிகலனின் மூச்சு வாங்கும் இடைவெளிகளைப் பார்க்கிறோம்.

மேலே ஏறும்போது இன்ஜின் பின்னால்தான் இருக்கும். பெட்டி கழன்றுவிட்டால்கூடக் கீழே உருளாமல் தாங்கிக்கொள்ள அந்த ஏற்பாடு. அப்படியானால் முன்னே பாதையில் மரம் விழுந்து கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்று டிரைவர் எப்படிப் பார்ப்பார்? பார்க்க முடியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருக்குக் கண். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் இருப்பார். முன்னால் இருப்பவர் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் காட்ட, செய்தி கடைசிவரை போய்ச் சேரும். பதிலுக்கு இன்ஜின் விசில் கொடுக்கும். நூறாண்டுக்கு மேலாக இந்த வேலை கையாலும் கண்ணாலும் நடந்துவருகிறது.

45 ஆண்டுகள் காத்திருந்த மலை

நீலகிரிக்கு ரயில் போட வேண்டும் என்ற பேச்சு 1854லேயே எழுந்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது 1856இல். அதாவது, சமதளத்தில் ஒரு ரயில்கூட ஓடாத நாளில் மலைக்கு ரயில் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களின் அவசரம் புரிகிறது. கோடை வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே ஊட்டிக்கு ஜாகை மாறும். கோப்பும் குமாஸ்தாவும் துரைசானியும் பியானோவும் கூடவே மலையேற வேண்டும். தோட்டங்களிலிருந்து காப்பியும் தேயிலையும் இறங்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில் வந்தது 1873இல். அதன் பிறகும் மலை அடிவாரத்தோடு தண்டவாளம் நின்றுவிட்டது. 1882இல் ரிகன்பாக்கே நேரில் வந்து பார்த்து, முடியும் என்று சொல்லி மதிப்பீடும் கொடுத்தார். கம்பெனி தொடங்கினார்கள், பணம் சேரவில்லை. 1885இல் இன்னொரு கம்பெனி. 1891இல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். மூன்றே ஆண்டுகளில் அந்தக் கம்பெனியும் திவாலானது. 1896இல் புதிதாக ஒரு கம்பெனி வந்து, பாதி வெட்டிக் கிடந்த மலையை விலைக்கு வாங்கி, ஒருவழியாக 1899 ஜூன் 15ஆம் தேதி குன்னூர் வரை ரயிலை ஏற்றியது. அங்கிருந்து ஊட்டிக்கு நீள்வதற்கு 1908 ஆகிவிட்டது.

ஆளுநரின் பெயரும் பொறியாளர்களின் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. 16 குகைகளைக் குடைந்தவர்கள், 250 பாலங்களுக்குக் கல் சுமந்தவர்கள், 208 வளைவுகளில் தண்டவாளத்தை வளைத்துப் பொருத்தியவர்கள் பெயர் எங்கும் இல்லை. அடிவாரக் காடு அந்தக் காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனது. கல்லாறு நிலையத்தில் எத்தனையோ தகவல் பலகைகள் வைக்கலாம். அந்த உழைப்பாளிகளுக்கென்று ஒரு பலகையாவது வைத்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

கீழே தண்ணீர், மேலே மனிதர்கள்

குன்னூர் தாண்டினால் பாதையின் குணமே மாறிவிடுகிறது. பல்சட்டம் முடிந்துவிடும். ஏற்றம் இருபத்தைந்துக்கு ஒன்றாகக் குறையும். நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை மாட்டுவார்கள். இங்கிருந்து வரும் நிலையங்கள் மனிதர்களுக்கானவை. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருக்கிறது. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. கேத்தியில் பள்ளத்தாக்கு முழுக்கப் படுகர் ஊர்களும் காய்கறித் தோட்டங்களும். லவ்டேலில் 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி. லவ்டேல்தான் பாதையின் உச்சி. ஊட்டி அதைவிடத் தாழ்வு என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும்.

இந்த மேல்நிலையங்களுக்குப் பெயரும் புகழும் சேர்ந்துவிட்டன. ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியைப் பார்த்து அழாத தமிழர் குறைவு. மழையும் சேறுமாக அந்த நடைமேடையில் கமல்ஹாசன் ஆடிக்காட்டியது கேத்தி நிலையத்தில்தான் என்பார்கள் ஊர்க்காரர்கள். ‘உயிரே’ படத்தில் ஷாருக்கான் கூரையேறி ஆடியது இந்த ரயிலின் மேல். டேவிட் லீன் ‘எ பாசேஜ் டு இந்தியா’ எடுக்க வந்ததும் இந்தப் பாதைக்குத்தான்.

கீழ்நிலையங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கல்லாற்றில் பயணிகளுக்காக வண்டி நிற்பது முடிந்துபோயிற்று. இப்போது அது பல்சட்டம் தொடங்கும் இடம் மட்டும். அடர்லியிலும் ரன்னிமேட்டிலும் நிற்பது தண்ணீருக்காக. காட்டேரியில் அதுவும் இல்லை, வண்டி கடந்து போய்விடுகிறது. ஹில்குரோவில் மட்டும் பயணிகள் கால் நீட்ட இறங்குகிறார்கள். டீ குடிக்கிறார்கள், வடையையும் பிஸ்கட்டையும் குரங்குகளிடம் பறிகொடுக்கிறார்கள், இன்ஜினோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தச் சில நிமிடங்களில் அங்கே எத்தனை வேலை நடக்கிறது என்று கவனித்துப் பார்க்கலாம். இன்ஜினைக் குழாயடிக்கு நேராக நிறுத்துவது ஒரு கைத்திறன். தொட்டியின் மூடியைத் திறந்து குழாயைத் திருப்பிவிடுகிறார்கள். இன்னொருவர் எண்ணெய்க் கேனோடு அச்சும் தண்டும் சேரும் இடங்களில் குனிந்து குனிந்து எண்ணெய் விடுகிறார். வேறொருவர் எதையோ கையால் தொட்டுச் சூடு பார்க்கிறார். பயணிகள் வண்டிக்கு முன்னால் நின்று சிரிக்கும்போது, அதே வண்டியின் இடுப்புக்குக் கீழே ஒரு முழுப் பணிமனை இயங்குகிறது. கூட்டம் போன பிறகு அந்த இடத்தில் இருப்பவர்கள் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன்கள். மழைக்காலத்தில் ரயிலுக்கு முன்னால் நடந்துபோய்ப் பாதையில் பாறை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் அவர்களே. இப்பாதையில் வடகிழக்குப் பருவமழை என்பது அச்சத்தின் பெயர். 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் தண்டவாளமே பெயர்ந்து, மேட்டுப்பாளையம் குன்னூர் இடையே மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை.

எதைத் தொலைத்தோம்

தமிழ்நாட்டின் கிராமத்து ரயில் நிலையங்களில் பெரும்பகுதி ஒரு காலத்தில் மீட்டர் கேஜ் நிலையங்களாக இருந்தவை. 1992இல் நாடு முழுவதும் ஒரே அகலப் பாதை என்ற திட்டம் வந்தது. தேவையான திட்டம்தான், அதில் சந்தேகம் இல்லை. வேகம் கூடியது, சரக்கு கூடியது, மதுரைக்காரர் வண்டி மாறாமல் டெல்லி போக முடிந்தது. ஆனால் தண்டவாளத்தை மாற்றும்போது கூடவே எவையெல்லாம் போயின என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கைகாட்டி மரம் போயிற்று. அட்டை டிக்கெட்டைத் தேதி போட்டுக் கடித்துத் தரும் இயந்திரம் போயிற்று. ஓடும் வண்டியிலிருந்து டோக்கன் வளையத்தைக் கையை நீட்டிக் கோத்து வாங்கும் வித்தை போயிற்று. தேக்கு பெஞ்சும், வளைந்த வார்ப்பிரும்புத் தாங்குகளும், நடைமேடை முழுக்க நிழல் விரித்த வேம்பும் புங்கையும் போன இடங்கள் ஏராளம். செங்கோட்டை புனலூர் வழியில், மதுரை போடி வழியில், திருவாரூர் காரைக்குடி வழியில் அகலப் பாதைக்காக ஆண்டுக்கணக்கில் ரயிலே இல்லாமல் கிடந்த ஊர்கள் பல. ரயில் திரும்பி வந்தபோது பழைய நிலையம் அங்கே இல்லை.

இன்று தெற்கு ரயில்வேயில் மிஞ்சியிருக்கும் ஒரே மீட்டர் கேஜ் நீலகிரிப் பாதை.

ரயில் இல்லாமல் மிஞ்சிய நிலையமும் நம்மிடம் ஒன்று உண்டு. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் தனுஷ்கோடி வரை ரயிலில் வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கே மறுபடி ரயிலேறினார்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரும் ரயிலும் கடலோடு போயின. நிலையத்தின் சிதைந்த சுவர்கள் இன்றும் மணலில் நிற்கின்றன. ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வந்து பார்க்கிறார்கள். அங்கே ஒரு துயரம் நினைவுகூரப்படுகிறது. ஒரு நிலையம் எப்படி இயங்கியது என்பதை அந்தச் சுவர்களிடமிருந்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

தொலைப்பதற்கு முன்பே காக்க வேண்டும் என்ற பாடத்தை அமெரிக்காவும் தாமதமாகத்தான் கற்றது. நியூயார்க்கின் பென்சில்வேனியா நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கோபம், 1966இல் வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசியச் சட்டம் வருவதற்கு ஒரு காரணமாக அமைந்தது. அங்கே சிற்றூர்களில் பயணிகள் ரயில் நின்றுபோன பின், உள்ளூர்க்காரர்கள் பணம் திரட்டிப் பழைய நிலையக் கட்டடங்களை வாங்கி அருங்காட்சியகமாகவும் நூலகமாகவும் ஆக்கினார்கள். மேரிலாந்தின் எலிகாட் சிட்டியில் 1831இல் கட்டி முடித்த நிலையம் இன்று அருங்காட்சியகம். அந்த ஊர்க்காரர்களின் அக்கறை நமக்கு வேண்டும். ஆனால் அருங்காட்சியகமாக்கிக் காப்பது இரண்டாவது வழி. இயங்கவிட்டே காப்பது என்ற முதல் வழி நீலகிரியில் இன்னும் திறந்திருக்கிறது.

பொன்மலையில் பிறந்த புது இன்ஜின்கள்

2005 ஜூலையில் டர்பனில் கூடிய யுனெஸ்கோ குழு, டார்ஜிலிங் ரயிலுக்கு 1999இல் கொடுத்த உலகப் பாரம்பரியத் தகுதியை நீலகிரிக்கும் நீட்டித்தது. 2008இல் கால்கா சிம்லா பாதையும் சேர்ந்துகொண்டது. இந்த அங்கீகாரம் வந்திராவிட்டால் நட்டக் கணக்கைக் காட்டி என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அங்கீகாரம் வந்தபோது ஒரு சிக்கலும் சேர்ந்து வந்தது. சுவிஸ் இன்ஜின்களுக்கு வயதாகிவிட்டது. கடைசித் தொகுதியே 1952இல் வந்தது. உதிரி பாகம் விற்க உலகில் எந்தக் கடையும் இல்லை. அப்போது திருச்சி பொன்மலைப் பணிமனை முன்வந்து செய்த காரியத்தைத் தமிழர்கள் இன்னும் சரியாகக் கொண்டாடவில்லை என்றே சொல்வேன். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை அது. பழைய எக்ஸ் இன்ஜினைப் பிரித்து, அளந்து, வரைந்து, அதே வடிவத்தில் புத்தம் புதிய நீராவி இன்ஜினை 2011இல் உருவாக்கியது. அதன் பிறகும் அடுத்தடுத்து உருவாக்கியது. நிலக்கரிக்குப் பதில் எண்ணெயை எரிக்கும் இன்ஜின்கள் முதலில் வந்தன. நெருப்புப் பொறி பறந்து காடு பற்றிக்கொள்ளும் பயம் அதில் குறைவு. பிறகு 2021இல் நிலக்கரி இன்ஜினும் பொன்மலையில் பிறந்தது.

வெள்ளைக்காரன் விட்டுப்போனதைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்துக்கொள்வது வேறு. அவனே செய்வதை நிறுத்திவிட்ட ஒன்றை, ஃபிட்டர்களும் வெல்டர்களும் தங்கள் கையால் மறுபடி செய்து மலையேற்றிக் காட்டுவது வேறு. இரண்டாவதில் அறிவு உயிரோடு இருக்கிறது. ஹில்குரோவில் இன்றைக்கும் தண்ணீர்க் குழாய் இயங்குகிறதென்றால் அதற்குக் காரணம் 250 கிலோமீட்டருக்கு அப்பால் திருச்சியில் சுத்தியல் பிடிக்கும் கைகள்.

யானை கேட்ட வழி

பாதுகாப்பு என்ற பெயரில் தவறும் நடக்கும். 2021இல் ஹில்குரோவ் பகுதியில் தண்டவாளத்தை ஒட்டித் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். மண் சரியாமல் தாங்கத்தான் சுவர். ஆனால் குட்டியோடு வந்த யானைக் கூட்டம் தண்டவாளத்தைக் கடக்க வழியில்லாமல் சுவரோரமாகத் தவித்து அலைந்த காட்சி வீடியோவாகப் பரவியது. நாடே பார்த்துக் கோபப்பட்டது. ரயில்வே அந்தச் சுவரை இடித்து வழிவிட்டது.

கல்லாறு அடிவாரம் யானைகளின் பழைய வழித்தடம். தண்டவாளம் போட்டது 1890களில். யானை நடந்தது எத்தனை ஆயிரம் ஆண்டுகளாகவோ. இந்த நிலையங்களைச் சுற்றியிருக்கும் காட்டையும் சேர்த்துத்தான் பாரம்பரியம் என்று கருத வேண்டும். காட்டை மறைத்துவிட்டு ஹில்குரோவை மட்டும் காப்பாற்றினால் எதற்கு? நீலகிரியில் பிளாஸ்டிக் தடை இருந்தும் பயணிகள் வீசும் பொட்டலங்கள் குரங்கு வழியாகவும் காற்று வழியாகவும் பள்ளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. ரயிலில் ஏறும்போதே பைகளைச் சோதித்தால் என்ன? கோயிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகத் தெரிந்த நமக்கு இது முடியாதா?

இன்னொரு தவறு அழகுபடுத்துவது. ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் அம்ரித் பாரத் திட்டத்தில் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கூட்டம் நெரியும் நகர நிலையங்களுக்கு லிஃப்டும் அகல நடைமேடையும் அவசியம். அதே பட்டியலை எடுத்துக்கொண்டு மலை நிலையத்துக்குள் நுழையக் கூடாது. கிரானைட் தளமும், பளபளக்கும் தகட்டு முகப்பும், அலங்கார வளைவும் அங்கே எதற்கு? ஓடு உடைந்தால் அதே ஓடு. மரச் சட்டம் உளுத்தால் அதே மரம், அதே அளவு, அதே பூட்டுவாய். அந்த வேலை தெரிந்த ஆசாரிகள் நீலகிரியிலும் கோவையிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட டெண்டர் விதிகளில் இடம் வேண்டும்.

தாகமில்லாத ரயில் வந்தால்

இனிச் சொல்லப்போவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. பாரம்பரியப் பாதைகளிலும் மலைப்பாதைகளிலும் ஹைட்ரஜன் ரயில் ஓட்டும் திட்டத்தை ரயில்வே 2023இல் விரித்துச் சொன்னது. மொத்தம் 35 ரயில்கள், ஒன்றுக்கு 80 கோடி ரூபாய் செலவு என்பது மதிப்பீடு. அதையொட்டி வந்த செய்திகளில் டார்ஜிலிங், கால்கா சிம்லா ஆகியவற்றோடு நீலகிரியின் பெயரும் இருந்தது.

ஹைட்ரஜன் மீது எனக்கு வெறுப்பில்லை. புகையில்லாத ரயில் எந்த ஊருக்கு வந்தாலும் நல்லதே. குன்னூரிலிருந்து ஊட்டி வரை இப்போது டீசல்தான் இழுக்கிறது. அதற்குப் பதில் அங்கே ஹைட்ரஜன் வரட்டும், தாராளமாக வரட்டும். கேத்தியும் லவ்டேலும் அதனால் எதையும் இழக்கப்போவதில்லை, ஏறி இறங்க அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள்.

கல்லாறு முதல் குன்னூர் வரை அப்படியல்ல. நீராவி நின்றால் அடர்லியில் வண்டி நிற்கக் காரணம் இல்லை. ரன்னிமேட்டில் காரணம் இல்லை. ஹில்குரோவ் ஒரு டீக்கடை நிறுத்தமாகச் சுருங்கும். வண்டி நிற்காத இடத்தில் ஆள் போட மாட்டார்கள். ஆளில்லாத கட்டடத்தை மலைமழை எத்தனை ஆண்டு விட்டுவைக்கும்? காட்டேரியைப் பார்த்தாலே தெரியும். அப்போது யுனெஸ்கோ பட்டியலில் பெயர் இருக்கும். பெயின்ட் அடித்த இன்ஜின் ஒன்று மேடை மேல் நிற்கும். தொட்டுச் சூடு பார்க்கத் தெரிந்த கை இருக்காது.

நீராவி ரயில் செலவு பிடித்தது என்பதும் உண்மை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பஸ்ஸில் பாதி நேரம்கூட ஆகாது. ஒரு சில பெட்டிகளுக்கு இத்தனை பிரேக்ஸ்மேன்கள், ஃபயர்மேன்கள், ஃபிட்டர்கள், கேங்மேன்கள். டிக்கெட் வருமானம் இதற்கு ஈடாகாது என்பது கணக்குத் தெரிந்த எவருக்கும் புரியும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் முளைக்கும் செடிகளை அகற்ற ஆகும் செலவை நாம் நுழைவுச் சீட்டில் ஈடுகட்டப் பார்ப்பதில்லை. அதே மனசு இந்த 20 கிலோமீட்டர் ஏற்றத்துக்கும் வேண்டும். போக்குவரத்துக் கணக்கிலிருந்து இதைப் பிரித்து, பாரம்பரியக் கணக்கில் தனி நிதியாக ஒதுக்க ரயில்வே அமைச்சகமும் தமிழ்நாடு அரசின் சுற்றுலாத் துறையும் உட்கார்ந்து பேசினால் முடியாத காரியம் இல்லை.

பணத்தைவிட அவசரமானது ஒன்று உண்டு. எக்ஸ் இன்ஜினின் வரைபடம் பொன்மலையில் இருக்கிறது. ஹில்குரோவில் இன்ஜினை எந்த இடத்தில் நிறுத்தினால் குழாய் சரியாக எட்டும், எந்த வளைவில் பல்சட்டத்தின் சத்தம் மாறினால் என்ன கோளாறு, ஈரத் தண்டவாளத்தில் இறங்கும்போது எந்த பிரேக்கை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பவை எந்த வரைபடத்திலும் இல்லை. குன்னூர் லோகோ ஷெட்டிலும் பெட்டி முகப்புகளிலும் வேலை செய்தவர்கள், செய்கிறவர்கள் மனதில் இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். சேலம் கோட்ட நிர்வாகம் கோவையின் பொறியியல் கல்லூரிகளையும் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியின் வரலாற்று மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, அந்தத் தொழிலாளிகள் பேசுவதைத் தமிழிலேயே ஒலிப்பதிவாகவும் காணொளியாகவும் எடுத்து வைக்கலாம். வண்டி நிற்காத காட்டேரி நிலையத்தைச் சரிசெய்து, அந்தப் பதிவுகளுக்கும் புதிய பிரேக்ஸ்மேன்களின் பயிற்சிக்கும் அதையே இடமாக்கலாம். பெரிய செலவில்லை. அடுத்த பருவமழைக்குள் தொடங்கிவிடலாம்.